முட்டி அளவுத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலையில் சாமி விளக்கை ஏற்றியதும் நான் அடுத்துத் தொடுவது கைப்பேசியைத்தான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான். என் ஓர்ப்படியாளின் குரல் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். வந்திருக்கும். எனக்கு வயிறு எரியும். எரிய எரிய முழுவதையும் கேட்பேன். கேட்டு முடித்துவிட்டு, ஒருவேளை எதையாவது விட்டுவிட்டேனோ என்று இன்னொரு தடவை கேட்பேன்.

ஓர்ப்படியாள் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கரங்கானில் மகன், மருமகளோடு இருக்கிறார். நான் லூனாசில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் இருவரின் வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த நோட்டில் முதலில் கோபத்தில் 'அவள்' என்று எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டு 'அவர்' என்று திருத்தினேன். மூத்தவர் அல்லவா.

அக்காவுக்கு வாய் உண்டு. எனக்கு இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து நிரையில் பாலுக்கு மரம் வெட்டினோம். அவர் இந்தப் பக்கத்திலிருந்து பேசிக்கொண்டே வருவார், நான் அந்தப் பக்கத்திலிருந்து 'ம்' போட்டுக்கொண்டே போவேன். எங்கள் வீட்டு நாய் குட்டி போட்டதைக்கூட அவர் சொன்னால் நாலு பேர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பார்கள். அதே நாய், அதே குட்டி. நான் சொன்னால், "அப்புறம்?" என்பார்கள். அப்புறம் என்ன, அவ்வளவுதான்.

அக்காவின் மருமகளுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிச் சேர்க்கிற வேலை. வீட்டிலேயே கணினி வைத்துச் செய்கிறது. நல்ல பெண், குறை சொல்ல முடியாது. ஒருநாள் அடுப்படியில் அக்கா பழைய கதை பேசிக்கொண்டிருந்ததை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்து வாட்ஸ்அப் புலனத்தில் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறது. நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம்.

"இப்பல்லாம் கதைய ஒரே எடத்துல வெச்சு சொல்லக் கூடாது சின்னத்தை," என்று அந்தப் பெண் எனக்கு விளக்கியது. "கொரல் புலனத்துல வரும். படம் முகநூல்ல வரும். எடத்தப் போயி வீடியோ எடுத்துப் போடுவோம். கேக்குறவங்களும் அவங்களுக்குத் தெரிஞ்சத அனுப்பணும். எல்லாத்தையும் சேத்தாத்தான் முழுக் கதை. கேக்குறவங்க சும்மா கேட்டுட்டுப் போகக் கூடாது, உள்ள வந்துறணும்."

"உள்ள வந்துட்டா எங்க ஒக்காருவாங்க?" என்று கேட்டேன். அது சிரித்தது. நான் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அக்கா சொல்ல எடுத்துக்கொண்ட கதை என் கல்யாணக் கதை.

நடந்தது இதுதான். நான் பிறந்த தோட்டம் பாடாங் மேஹாவுக்கு உள்ளே தள்ளி. மாப்பிள்ளை வீட்டுத் தோட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கல்யாணம் அவர்கள் கோயிலில். முதல்நாளே எனக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டியவள் ஆற்றைத் தாண்டக் கூடாது என்பது எங்களிடம் பெரிய சாத்திரம். பாலத்தில் வண்டியில் போனால் குற்றமில்லை, காலில் தண்ணீர் படாது. ஆனால் அன்று விடியற்காலை பெய்த மழையில் மரப்பாலம் போய்விட்டது. வாடகைக்குப் பேசிய பஸ் சேற்றில் வர மாட்டேன் என்று ரோட்டிலேயே நின்றுவிட்டது. கடைசியில் தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணியிடம் கெஞ்சி, ரப்பர்ப் பால் ஏற்றுகிற லோரியில் பாய் விரித்து என்னை ஆற்றங்கரைவரைக்கும் கொண்டுவந்தார்கள். மல்லிகைப் பூ வாசனையும் பால் வாடையும் கலந்து குமட்டியது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

கரையில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பெண்ணின் கால் தண்ணீரில் படக் கூடாது. அப்படியென்றால் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தாலி கட்டும் முன்னால் மாப்பிள்ளை தொடக் கூடாது. வேற்று ஆம்பிளை தொடவே கூடாது. பெண் வீட்டுப் பெண்கள் தூக்கினால் அவர்களே தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும், மாப்பிள்ளை வீட்டுப் பெண்தான் வந்து தூக்க வேண்டும் என்று முடிவானது. அந்தக் கரையில் ஆரத்தித் தட்டும் செம்புமாக நின்றது அக்கா. நல்ல உயரம், நல்ல உடம்பு. நான் அப்போது குச்சி. தோளில் போட்டுக்கொண்டு ஓடியே வந்துவிடலாம்.

அக்கா ஆற்றில் ஒரு காலை வைத்தார். கணுக்கால்வரை நனைந்தது. அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். இன்றுவரை பினாங்குக்குப் போக அவர் பெரிக் கப்பலில் ஏறியதில்லை. பாலம் கட்டிய பிறகுதான் தைப்பூசத்துக்கே போனார்.

"முகூர்த்தம் போவுது, முகூர்த்தம் போவுது," என்று என் தாய்மாமன் கத்திக்கொண்டே இருந்தார். யாரும் அசையவில்லை. நான் பயந்த பெண். அதுவரைக்கும் ஒரு கடையில் நின்று சாமான் பெயர் சொல்லி வாங்கியதுகூட இல்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. சேலையை இரண்டு கையாலும் முட்டிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கி நடந்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தண்ணீர் முட்டி அளவுதான். சில்லென்று இருந்தது. காலுக்கடியில் மணல் நழுவியது. அந்தக் கரையில் ஏறியபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சிரிப்பு வந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். அப்புறம் செம்பைக் குனிந்து முக்கி, தன் இடுப்பிலிருந்து கீழே தண்ணீரை ஊற்றிக்கொண்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கோயிலில் காத்திருந்த மாமியாரிடம் போய், "நாந்தான் தூக்கிட்டு வந்தேன் அத்த, பாருங்க நனஞ்சு போயிட்டேன்," என்றார். கரையில் நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும் என்று எல்லோருக்கும் இருந்தது.

அந்தப் பொய் என்னைக் காப்பாற்றியது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆறு வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. மாமியார் எல்லாக் காரணத்தையும் தேடினார். பல்லி விழுந்தது, பூனை குறுக்கே வந்தது, என் ராசி, என் அம்மாவின் ராசி. காப்போடு ஆற்றில் கால் வைத்தவள் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அந்தக் கதவை அக்கா அன்றைக்கே சாத்திவிட்டார். அதனால் நானும் பேசாமல் இருந்தேன். அப்புறம் மகன் பிறந்தான். மாமியார் போனார். கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். உண்மை தெரிந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று ஆனது.

இப்போது அந்தப் பொய்தான் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. அதுவும் எப்படி வருகிறது! அக்கா மழை பெய்கிற மாதிரியே பேசுவார். லோரி சேற்றில் இறங்குவதைச் சொல்லும்போது நமக்கு உடம்பு குலுங்கும். "அந்தப் பொண்ணு அழுவுது, அழுவுது, கண்ணத் தொடைக்கக் கூட தெரியாம அழுவுது," என்பார். என் பெயரைச் சொல்ல மாட்டார். "எங்க வீட்டுக்கு வந்த பொண்ணு" என்பதோடு சரி. அந்தப் பெண் கதையில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மூட்டை மாதிரி இருக்கும். மூட்டையைத்தானே தூக்க முடியும்?

முகநூலில் மருமகள் கோட்டுப்படம் வரைந்து போட்டது. ஆறு, லோரி, கேட்கிறவர்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிற அக்கா, அவர் தோளில் பெண். கேட்கிறவர்கள் அதை அச்சடித்து வண்ணம் தீட்டித் திருப்பி அனுப்பினார்கள். எத்தனையோ படங்கள். எல்லாவற்றிலும் நான் கண்ணை மூடிக்கொண்டு தோளில் தொங்குகிறேன்.

என் சேலை மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை. அப்பா சுங்கைப்பட்டாணியில் எடுத்தது. கூலிமிலிருந்து ஒரு கிறிஸ்துவ அம்மா, தன் தாயார் கல்யாணத்துக்குக் கட்டிய ரோஸ் நிறச் சேலையைப் படம் எடுத்து அனுப்பி, "கதைப் பொண்ணுக்கு இந்தக் கலரு போடலாமா?" என்று கேட்டார். ஆளாளுக்கு இதயப் படத்தை அனுப்பினார்கள். மறுவாரமே அக்கா, "ரோசு சேல கட்டி, ரோசாப் பூவாட்டம் வந்தா," என்று சொல்லிவிட்டார். நான் எழுந்துபோய் பீரோவைத் திறந்து என் சேலையைப் பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு மஞ்சளாகத்தான் இருந்தது. அதனிடம் போய் நான் என்ன சொல்வது?

ஒருவர் பால் லோரியின் ஹாரன் சத்தத்தை வாயாலேயே செய்து அனுப்பினார். அவருடைய அப்பா லோரி ஓட்டியவராம். அந்தச் சத்தம் மட்டும் அச்சாக அப்படியே இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் கதையில் எனக்குக் கிடைத்த ஒரே உண்மை ஒரு ஹாரன்.

அந்த இடத்தையே வீடியோ எடுத்தார்கள். இப்போது இரண்டு கரையும் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். ஆறும் சுருங்கிவிட்டது, சிமெண்டுப் பாலம் இருக்கிறது. அக்கா பாலத்தில் நின்று கையை நீட்டிக் காட்டுகிறார். கைப்பிடிச் சுவரிலிருந்து நாலடி தள்ளி நிற்கிறார். தண்ணீர்ப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பார்த்த அத்தனை பேரில் அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

என் மகன் பொரித்த குளத்துமீனைத் தின்றுகொண்டே, "பெரியம்மா அப்பவே ஹீரோதான்மா. ஒங்கள அலேக்கா தூக்கிட்டு வந்துட்டாங்க பாத்தீங்களா," என்றான். அவனும் அந்தப் பொய்யைக் கேட்டு வளர்ந்தவன்தானே. நான் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன். வேறு என்ன செய்வேன்? அன்றைக்குத்தான் முதல்தடவையாக, நான் செத்துப்போனால் அந்த ஆற்றை நான் தாண்டவே இல்லை என்று ஆகிவிடும் என்று தோன்றியது. நான் என் வாழ்க்கையில் துணிந்து செய்தது அது ஒன்றுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா கரையிலேயே கதையை நிறுத்திவிட்டார். கீழே மருமகள் ஒரு வாக்கெடுப்புப் போட்டிருந்தது. பெண் எப்படி ஆற்றைத் தாண்டினாள்? நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். மாப்பிள்ளையே வந்து தூக்கினார். பெரியம்மா தோளில் தூக்கினார். கடைசியில், இடத்தை நிரப்புவதற்காகப் போட்ட மாதிரி, பெண்ணே இறங்கி நடந்தாள்.

நான் எத்தனையோ தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூட மண்டபத்தில் அட்டை மறைப்பு வைத்திருப்பார்கள். நாம் எதில் கோடு போட்டோம் என்பது பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாது. ஓட்டு என்றால் அதுதான் எனக்குத் தெரியும். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசி வரியை ஒற்றை விரலால் தொட்டேன். மனசு லேசாக இருந்தது. யாரோ ஒருவர் அப்படி நினைக்கிறார் என்று அக்காவுக்குத் தெரியட்டும். யார் என்று தெரிய வேண்டாம்.

கால் மணி நேரத்தில் போன் அடித்தது.

"என்னாடி, எனக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டியாமே?"

"யாருக்கா சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒம் மூஞ்சிதான் பக்கத்துலயே நிக்குதே! மருமவ காட்டுனா. ஐ.சி. அட்டைக்குப் படம் எடுக்கப் போனப்ப முழிச்சுக்கிட்டு நின்ன பாரு, அந்த மூஞ்சி. மத்த எல்லாம் கூட்டமா இருக்கு, கடைசில நீ மட்டும் ஒத்தையா."

"ஓட்டு ரகசியம் இல்லியாக்கா?"

அக்கா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "ரகசியமா? இங்க என்ன போலீசுக்காரன் நிக்கிறானா, அட்ட கட்டி மறைச்சு வெச்சிருக்கா? ஊரே பாக்குதுடி. 'யாரு அந்தச் சின்னம்மா?'ன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க. மருமவகூட அதுக்கு ஒரு ஓட்டும் விழாது, கொசோங்தான்னு நெனச்சாளாம்." சிரிப்பு நின்றது. "சரி. மவன்கிட்ட குடுத்து அழிக்கச் சொல்லிரு."

அடுப்படிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று நான் இன்னொரு தடவை பார்த்தேன்.

"என்னாடி, சத்தத்தக் காணோம்?"

"அழிக்க மாட்டேங்க்கா."

அதுதான் நான் அவரிடம் சொன்ன முதல் 'மாட்டேன்'. எனக்கே கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. தொடர்பு போய்விட்டதோ என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். போகவில்லை.

"பசியாறிட்டியா?" என்றார் கடைசியில்.

"ஆச்சுக்கா."

"ஞாயித்துக்கெழம கோயில் மண்டபத்துல கடைசிப் பாகம். எல்லாரையும் வரச் சொல்லியிருக்கு. வராம இருந்துறாத."

வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் என்னைக் காடியில் ஏற்றிக் கரங்கானுக்குக் கொண்டுபோனான். மண்டபத்தில் அவ்வளவு கூட்டம். வருகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு நீலச் சேலை கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அத்தனை சேலையையும் முனையோடு முனை முடிந்து, மண்டபத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் ஆறு செய்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து அதை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். பார்க்க நிஜமாகவே தண்ணீர் மாதிரி இருந்தது. என்னுடைய நீலச் சேலையும் அதில் எங்கேயோ இருந்தது. மகன் கேட்டான் என்று கொடுத்துவிட்டேன். அதைக் கொடுத்ததுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், பட்டுச் சேலையும் ஒலிவாங்கியுமாக அக்கா. என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருந்தார். நான் பின்வரிசையில் தூணை ஒட்டி உட்கார்ந்தேன்.

கதை ஆரம்பித்தது. லோரி வந்தது. ஹாரன்காரர் நேரிலேயே வந்திருந்தார், எழுந்து நின்று அடித்தார், மண்டபமே கை தட்டியது. ரோஸ் சேலை கட்டிய ஒரு பெண் கல்யாணப் பெண்ணாக வந்து நின்றது. ஏதோ தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண்ணாம், ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேஷமாம்.

"இப்ப பெரியம்மாவா நடிக்க நல்லா பலமான அக்கா ஒருத்தவங்க வாங்கலா!" என்று மருமகள் கூப்பிட்டது.

ஒருத்தி வந்தாள். அக்கா பக்கத்திலிருந்து சேலை ஆற்றை மிதித்துத் தாண்டி வந்து, பெண்ணைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. பெண்ணுக்குச் சிரிப்பு. இன்னொருத்தி வந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சோறு கொஞ்சமா திங்கணும் பொண்ணு!" என்று ஒருவர் கத்தினார்.

"நாங்க நாலு பேரு வரட்டுமா?" என்றது ஆம்பிளைகள் பக்கம்.

"தொடக் கூடாதுலா அண்ணே, சாத்திரம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். "முகூர்த்தம் போவுது, முகூர்த்தம் போவுது!"

என் தாய்மாமனின் குரல் அது. அவருடையது இல்லைதான். ஆனால் என் காதுக்கு அதுவேதான். நான் எழுந்தேன். எழுந்ததே எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். செருப்பு ஏற்கெனவே வாசலில். சேலையை இரண்டு கையாலும் முட்டிவரை தூக்கிப் பிடித்தேன். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, ரோஸ் சேலைப் பெண்ணைத் தாண்டி, நீலச் சேலைகளின் மேல் கால் வைத்தேன். ஆட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தவில்லை. துணி என் காலைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று. யாரையும் பார்க்காமல் நடந்து அக்காவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன்.

என் முட்டி எல்லோருக்கும் தெரிகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. சேலையைக் கீழே விட்டேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுபோனார்.

"இவதான்," என்றார். "அந்தப் பொண்ணு இவதான். நான் தூக்கல. எனக்குத் தண்ணின்னா சாவு பயம். ஒரு கால வெச்சேன், கல்லாட்டம் நின்னுட்டேன். இந்த எலும்புக்கூடு இருக்கே, இதுதான் தானா நடந்து வந்துச்சு. நான் செம்புல மோந்து மேல ஊத்திக்கிட்டு, எங்க மாமியாகிட்ட போயி வாயிக்கு வந்தத அளந்து விட்டேன்!"

அப்புறம் அவர் சொன்னார் பாருங்கள்! பயத்தை நடித்துக் காட்டினார். செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்வதை உட்கார்ந்தபடியே செய்து காட்டினார். மாமியாரின் குரலில் பேசினார். ஜனங்கள் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள், எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் பக்கத்தில் குத்துவிளக்கு மாதிரி நின்றேன். இத்தனை வருஷம் நான் உள்ளே வைத்திருந்த உண்மை, அதையும் அவர் எடுத்துக்கொண்டார். என்னால் ஒரு நாளும் சொல்ல முடியாத அழகில் அதைச் சொல்லி முடித்துவிட்டார்.

கூட்டம் அக்காவைச் சூழ்ந்தது. "ஒத்துக்க எவ்ளோ பெரிய மனசு வேணும் பெரியம்மா!" என்று ஒரு பெண் கட்டிப்பிடித்தது. மருமகள் மட்டும் என்னிடம் வந்து, "சின்னத்தை, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க," என்று ஒலிவாங்கியை நீட்டியது.

நான் சொன்னேன். "தண்ணி முட்டிக்குத்தான் இருந்துச்சு."

"என்னா சொன்னாங்க?" என்றது பின்வரிசை.

"ஒண்ணுமில்ல, கூச்சம்," என்றார் யாரோ.

வீட்டு வாசலில் காடியை நிறுத்திவிட்டு மகன், "ஏம்மா எங்கிட்டகூட சொல்லல?" என்று கேட்டான். "நீ கேக்கல," என்றேன். அது நியாயமான பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதை அக்காவால் எடுத்துக்கொள்ள முடியாது.

வீடியோவில் என் கால்கள் மட்டும் வந்தன. நீலத் துணியின் மேல் இரண்டு கிழட்டுக் கால்கள். குரல் அக்காவுடையது. பார்த்தவர்கள் எல்லாம் குரலைப் புகழ்ந்தார்கள். எனக்கு மறுபடியும் எரிந்தது. அந்தப் பெண் வேறு, "கொரல், படம், வீடியோ, மேடை, எல்லாத்துலயும் சொல்லியாச்சு சின்னத்தை. இன்னும் எதுல சொல்றதுன்னு தெரியல," என்று அலுத்துக்கொண்டது.

எனக்குத் தெரிந்தது. காகிதம் இருக்கிறது.

அக்கா பள்ளிக்கூடமே போனதில்லை. அவருக்குக் கீழே நாலு பேர், அவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புவரை படித்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வாத்தியார் பலகையில் எழுத வைத்திருக்கிறார். பேச்சு என்னிடம் நிற்காது. எழுத்து என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும், யாரும் குறுக்கே "என்னா சொன்னாங்க?" என்று கேட்க மாட்டார்கள். லூனாஸ் கடையில் பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். அக்காவால் வர முடியாத இடம் இது ஒன்றுதான். இதை நினைக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை. இருந்தாலும் வருகிறது.

அந்த இடத்துக்கும் அக்கா வந்துவிட்டார். மகன் உளறியிருக்கிறான். போன வாரம் மத்தியானம் எங்கள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். "என்னமோ எழுதுறியாமே. படி," என்றார்.

படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் பக்கத்திலேயே, வயிறு எரியும் என்று எழுதிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினேன்.

"என்னமோ முழுங்குற. அதையும் படி."

படித்தேன். எரிய எரியக் கேட்பேன் என்பதையும் படித்தேன். காப்பி ஆறிப்போயிற்று. அக்கா கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்குந்தான் எரிஞ்சுச்சு," என்றார்.

"எப்பக்கா?"

"நீ சிரிச்சுக்கிட்டே கரையேறுனியே, அப்ப."

மேலே படிக்கச் சொன்னார். மண்டபத்தில் நடந்ததுவரை படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி எழுதியதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. 'பிளாஸ்டிக் நாற்காலி' என்று வந்த இடத்தில் மட்டும் முகத்தைச் சுளித்தார். கடைசியில் எழுந்து சேலையை உதறிச் சரிசெய்துகொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. தண்ணி இடுப்பளவுன்னு போடு. முட்டின்னா கேக்குறவங்களுக்கு என்னா இருக்கு? இடுப்புன்னு போட்டாத்தான் 'ஐயோ'ன்னு இருக்கும்."

சரி என்று தலையை ஆட்டினேன். போடவில்லை.